குஷாய்குடாவிலிருந்து பத்ராசலம் எவ்வளவு தூரம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் கதவைத் தட்டினார். கையில் ஒரு கத்தைக் காகிதம். அவர் மனைவிக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்பது ஒரு மாதமாகவே எங்களுக்குத் தெரியும். நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே டாக்டர், "புதிதாக ஒரு மருந்து ஆய்வு நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா? வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று படிவத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"மஞ்சிதேனா சார்?" என்றார். நல்லதுதானா?

படிவம் தெலுங்கில் இருந்தது. நோயாளிக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். எனக்கோ இத்தனை வருஷம் குஷாய்குடாவில் குப்பை கொட்டியும் பஸ் போர்டுக்கு மேல் தெலுங்கு வாசிக்க வராது. கடைசியில் பத்தாவது படிக்கும் என் மகள்தான் சத்தமாக வாசித்தாள். (தமிழ் வாசிக்கத் தடுமாறுவாள். அந்த வருத்தத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) அவள் வாசிக்க, அவர்கள் இரண்டு பேரும் கேட்க, எனக்குப் புரிந்ததை நான் விளக்க, அப்படியே பதினோரு மணி ஆகிவிட்டது.

நடுவில் ஒரு பக்கம் வந்தது. கதிர்வீச்சு நடக்கும் வாரங்களில் தினமும் வர வேண்டும், பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும், அதன்பின் சில வருஷங்கள் தொடர்ந்து காட்ட வேண்டும், அப்படி வர முடிகிறவர்களை மட்டுமே சேர்ப்போம் என்று எழுதியிருந்தது. அதைக் கேட்டதும் அந்த அம்மா முதன்முறையாக வாயைத் திறந்தார். "நாங்கள் ஊரிலேயே இருந்திருந்தால் இந்தக் காகிதத்தைக் கொடுத்தே இருக்க மாட்டார்கள், இல்லையா?"

அவர்கள் ஊர் பத்ராசலத்துக்கும் அப்பால். அது எவ்வளவு தொலைவு என்றால், 'பத்ராசலம் ரோடு' என்று பெயர் வைத்த ரயில்வே ஸ்டேஷனே கொத்தகூடெத்தில்தான் இருக்கிறது. இங்கிருந்து சாலை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

உடனே வாட்ச்மேன் இன்னொன்று கேட்டார். "எங்கள் பக்கம் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு முன்னே ஊசி போட்டார்களே, அதுவும் இந்த நோய்க்குத்தானே சார்? அதற்கு மட்டும் எப்படி எங்கள் ஊருக்கு வழி தெரிந்தது?"

என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் சில வாரங்கள் ராத்திரி உட்கார்ந்து படித்ததன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

முதலில் நம்ம ஊர்க் கதை.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கை என்று ஒரு கிராமம். அங்கே கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையம் நடத்தும் ஆஸ்பத்திரி உண்டு. 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் இவர்களும், அடையாறு புற்றுநோய் மையமும், பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். தலைமை டாக்டர் ஆர். சங்கரநாராயணன்.

ஆய்வின் கேள்வி எளிமையானது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பாப் ஸ்மியர் சோதனைக்கு லேப் வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கிராமத்துக்கு அது கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாக, நீர்த்த அசிட்டிக் அமிலத்தை (கிட்டத்தட்ட நம் சமையலறை வினிகர்தான்) கர்ப்பப்பை வாயில் தடவினால், கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். ஒரு நர்ஸ் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். இது உயிரைக் காப்பாற்றுமா?

மாவட்டத்தில் 114 பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் 57 பகுதிப் பெண்களுக்கு இந்தப் பரிசோதனை, மீதி 57-க்கு வழக்கமாக என்ன கிடைக்குமோ அது. வயது 30 முதல் 59 வரை. பரிசோதனைப் பகுதியில் தகுதியான பெண்கள் 49,311 பேர். அவர்களில் 31,343 பேர் வந்து பார்த்துக்கொண்டார்கள். நம் கிராமத்துப் பெண்கள், இந்த மாதிரி ஒரு சோதனைக்கு, நூற்றுக்கு அறுபத்துமூன்று பேர்! காட்டு வேலைக்கும் மில்லுக்கும் போகிற நாளில் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள்.

2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்திருந்தது. ஒரே ஒரு தடவை செய்த சோதனைக்கு இவ்வளவு பலன். இன்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏழை நாடுகள் பலவற்றில் நர்ஸ்கள் வினிகர் சோதனை செய்கிறார்கள். அதற்கு முக்கியமான சாட்சி திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள்.

இதே காலத்தில் இன்னும் இரண்டு ஆய்வுகள் நடந்தன. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் (2023 முதல் தாராசிவ்) 1999-இல் தொடங்கியதில் 1,31,746 கிராமத்துப் பெண்கள். மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா மெமோரியல் நடத்தியதில் ஒன்றரை லட்சம் பெண்கள். உஸ்மானாபாத்தில் எச்.பி.வி. வைரஸைத் தேடும் சோதனை ஒரே ஒரு முறை செய்ததில் மரணம் பாதியாகக் குறைந்தது. 2009-இல் வந்த அந்தக் கட்டுரையை உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இது வரை படித்தால் பெருமைப்படத்தான் தோன்றும். ஆனால் வாட்ச்மேன் கேட்ட கேள்வி இங்கேதான் மறுபடி எழுகிறது.

*

குலுக்கலில் விழாத பெண்கள் என்ன ஆனார்கள்?

மூன்று ஆய்வுகளிலும் சேர்த்துப் பரிசோதனை கிடைக்காத ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்கள் 1,38,624 பேர். அவர்களில் குறைந்தது 254 பேர் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள் என்று எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் கணக்கெடுத்து எழுதினார். பாப் ஸ்மியர் பலன் தரும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அப்படியிருக்க, 'ஒன்றுமே செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கும்' குழு எதற்கு என்பது அவர் கேள்வி. இதே ஆய்வை அமெரிக்காவில் நடத்த விட்டிருப்பார்களா?

ஆய்வாளர்கள் தரப்பையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கிராமங்களில் அன்று எந்தப் பரிசோதனையும் கிடையாது. ஆய்வு வரவில்லை என்றால் யாருக்குமே எதுவும் கிடைத்திருக்காது. வினிகர் சோதனை உயிர் காக்குமா என்பதும் அப்போது நிரூபணமாகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'அந்த ஊரில் வழக்கமாகக் கிடைப்பது' என்பதுதான் ஒப்பீட்டுக் குழுவுக்கான அளவுகோல். கிராமத்தில் வழக்கமாகக் கிடைப்பது சைபர். அதனால் சைபர் கொடுத்தது தவறில்லை என்றாகிறது. எதுவும் இல்லாத இடம் என்பதே அந்த இடத்தை ஆய்வுக்கு ஏற்றதாக ஆக்கிவிட்டது.

*

சரி, ஹாஸ்டல் ஊசிக்கு வருவோம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். இதைக் கண்டுபிடித்த ஹரால்ட் ட்சூர் ஹாசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு அதற்கான தடுப்பூசி இந்திய மார்க்கெட்டுக்கு வந்தது. நடுத்தரக் குடும்பமே யோசிக்கிற விலை. 2009 ஜூலையில், அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பத்ராசலம், கொத்தகூடெம், திருமலாயபாலெம் ஆகிய மூன்று மண்டலங்களில், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு அதை இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். சுமார் 14,000 பேர். அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த 'பாத்' என்ற தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு மூன்றும் சேர்ந்து நடத்திய திட்டம். குஜராத்தில் வடோதராவிலும் இதே மாதிரி நடந்தது.

கம்மத்தில் பல சிறுமிகள் பழங்குடி மாணவியர் விடுதிகளில் இருந்தவர்கள். அப்பா அம்மா காட்டுக்குள் எங்கோ ஒரு கிராமத்தில். ஒப்புதல் யார் தருவது? பின்னால் நாடாளுமன்ற நிலைக்குழு தோண்டியதில் கிடைத்த கணக்கு இது: ஆந்திராவில் பார்த்த 9,543 படிவங்களில் 1,948-இல் கைநாட்டு. 2,763-இல் கையெழுத்துப் போட்டவர் விடுதி வார்டன். பெற்றோர் அல்ல.

2010 தொடக்கத்தில் செய்தி வெளியே வந்தது. ஆந்திரா, குஜராத் இரண்டிலும் சேர்த்து ஊசி போட்டுக்கொண்ட 7 சிறுமிகள் இறந்திருந்தார்கள். ஏப்ரலில் மத்திய அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. விசாரணையில் அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று சொன்னார்கள். பாம்புக்கடி, தண்ணீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்று காரணங்கள். (ஒரு வருஷத்துக்குள் அந்த வயதுப் பிள்ளைகள் இப்படிச் சாகும் ஊர் என்பதே தனியாக அழ வேண்டிய விஷயம்.) ஊசி கெட்டதல்ல. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண்களுக்குப் போட்ட ஊசி. ஆனால் கேட்ட விதம் கெட்டுப்போயிருந்தது. 2013 ஆகஸ்டில் வந்த நிலைக்குழுவின் 72-ஆவது அறிக்கை, 'இது செயல்முறை விளக்கத் திட்டம் மட்டுமே' என்ற வாதத்தை ஏற்கவில்லை. இது மருத்துவ ஆய்வுதான், விதிகளைத் தவிர்க்கத்தான் வேறு பெயர் என்று கடுமையாகச் சொன்னது.

இந்தக் கதை எனக்கும் முன்பே ஓரளவு தெரியும். தெரியாதது அடுத்த பகுதி.

*

2009 செப்டம்பரில், கம்மம் திட்டத்தோடு சம்பந்தமில்லாமல், வேறொரு ஆய்வு தொடங்கியிருந்தது. இதுவும் டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில்தான். இடங்களில் அதே அம்பிளிக்கை உண்டு, பார்ஷி உண்டு, இங்கே நம் ஹைதராபாத் ரெட் ஹில்ஸில் இருக்கும் எம்.என்.ஜே. புற்றுநோய் ஆஸ்பத்திரியும் உண்டு. கேள்வி: தடுப்பூசி மூன்று தடவை போட வேண்டுமா, இரண்டு போதுமா? 20,000 சிறுமிகளைச் சேர்ப்பதாகத் திட்டம்.

2010 ஏப்ரலில் அரசு கம்மத்தை நிறுத்தியபோது இதுவும் சேர்ந்து நின்றது. அதற்குள் 17,729 பேருக்கு ஊசி தொடங்கியாகிவிட்டது. மூன்று தடவையும் போட்டுக்கொண்டவர்கள் 4,348 பேர். பாதியில் நின்றதால் ஒரே ஒரு ஊசியோடு விடப்பட்டவர்கள் 4,950 பேர்.

ஒப்பிட வேண்டிய குலுக்கலே குலைந்துபோனது. வேறு யாராவது என்றால் கடையைக் கட்டியிருப்பார்கள். இவர்கள் விடவில்லை. ஒவ்வொரு பெண்ணையும் வருஷக்கணக்கில் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். பள்ளி முடித்தார்கள், கல்யாணமானது, வேறு ஊர் போனார்கள், அங்கேயும் தேடிப் போனார்கள். 2021-இல் முடிவு வெளியானது. விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும் எச்.பி.வி. 16, 18 தொற்றிலிருந்து பாதுகாப்பு, மூன்று ஊசிக்கு 93.3 சதவீதம், இரண்டு ஊசிக்கு 93.1 சதவீதம், ஒரே ஊசிக்கு 95.4 சதவீதம். அதாவது மூன்றுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசமே இல்லை!

இதையும் கென்யாவில் நடந்த ஒரு ஆய்வையும் முக்கிய ஆதாரமாக வைத்துத்தான் 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஊசி போதும் என்ற வழியைத் திறந்தது. மூன்று ஊசிக்குக் காசில்லாத நாடுகள் எத்தனையோ அதனால் இன்று பிள்ளைகளுக்குப் போட முடிகிறது. பாதியில் கைவிடப்பட்ட 4,950 இந்தியச் சிறுமிகள் உலகத்துக்குச் சொன்ன பதில் அது.

அந்தச் சிறுமிகளின் சொந்த ஊர்களுக்கு அந்த ஊசி எப்போது போனது? 2016-இல் பஞ்சாபில் இரண்டு மாவட்டங்கள் தொடங்கின. 2018-இல் சிக்கிம். நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக்குக்கு 2022 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. 2009-இல் கையை நீட்டிய பத்து வயதுப் பெண்ணுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அவளுடைய தங்கைகளுக்கு அந்த ஊசி பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை. ஆய்வு முறையாக நடக்காததும் கிராமத்தைத்தான் பாதித்தது. ஆய்வை ஒரேயடியாக நிறுத்தியதும் கிராமத்தைத்தான் பாதித்தது.

*

இனி நகரத்து ஆய்வுக்கு வருவோம். தடுப்பு பற்றிய ஆய்வுகள் கிராமத்தைத் தேடிப் போயின. ஏனென்றால் அவற்றுக்கு ஆயிரக்கணக்கில், ஒரே இடத்தில் இருக்கும், இதுவரை எதுவும் கிடைக்காத ஆட்கள் தேவை. ஆனால் நோய் வந்த பிறகு புது மருந்து தரும் ஆய்வுகள் நகரத்தை விட்டு நகர்வதே இல்லை. ஸ்கேன் வேண்டும், லேப் வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்க ஆள் வேண்டும்.

சட்டமும் ஒரு காரணம். 2013-க்குப் பிறகு விதிகள் இறுகின. 2019 மார்ச்சில் வந்த புதிய விதிகளின்படி, ஆய்வு நடக்கும் இடத்தை மேற்பார்வையிடும் நெறிமுறைக் குழு அதே நகரத்திலோ 50 கிலோமீட்டர் சுற்றுக்குள்ளோ இருக்க வேண்டும். கம்மத்தில் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது என்றால் இப்படி ஒரு காவல் தேவைதான். ஆனால் 50 கிலோமீட்டருக்குள் அப்படிப்பட்ட குழு இல்லாத ஊருக்கு ஆய்வும் வராது. பாதுகாப்புக்காகக் கட்டிய வேலி தூரத்தையும் கொஞ்சம் கூட்டிவிட்டது.

அமெரிக்காவிலும் இதே தூரப் பிரச்சினை உண்டு. அங்கே 1983-லேயே சிற்றூர் ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆய்வுகளோடு இணைக்கும் திட்டத்தைத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தொடங்கியது. 2018-இல் வந்த ஒரு கட்டுரை 44 ஆய்வுகளில் சேர்ந்த 36,995 நோயாளிகளை எடுத்துப் பார்த்தது. ஐந்தில் ஒருவர் கிராமத்துக்காரர். பொதுவாக அங்கே கிராமத்துப் புற்றுநோயாளிகளின் நிலை நகரத்தாரைவிட மோசம். ஆனால் ஒரே ஆய்வில், ஒரே சிகிச்சையும் ஒரே கவனிப்பும் கிடைத்தவர்களைப் பார்த்தால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. கிராமத்து உடம்பு வேறு உடம்பு அல்ல. கவனிப்புதான் வேறு.

நமக்கும் இது புதிதல்ல. 1950-களில் காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியம் மாதிரி ஒரு இடத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஒரு மையம், ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்திலும் மீதிப் பேரை அவர்கள் குடிசையிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர முடியாவிட்டால் ஆஸ்பத்திரி நோயாளியிடம் போகலாம் என்பதை ஆய்வாகவே செய்து காட்டிய ஊர் நம் ஊர்.

*

வாட்ச்மேன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் 'சேருங்கள்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லவில்லை. அந்தத் தகுதி எனக்கில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டியதை மகள் ஒரு தாளில் தெலுங்கில் எழுதிக் கொடுத்தாள். சேராவிட்டால் வழக்கமான சிகிச்சை அப்படியே கிடைக்குமா? குலுக்கலில் புது மருந்து விழாவிட்டால் என்ன கிடைக்கும்? நடுவில் வேண்டாம் என்றால் விட்டுவிடலாமா? மருந்தால் கோளாறு வந்தால் செலவு யாருடையது? போகவர பஸ் செலவு, போன நாள் கூலி யார் தருவார்கள்? ஊருக்குத் திரும்பிப் போனால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்?

அந்த அம்மா கடைசியாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். "முடிந்த பிறகு மருந்து நல்லதா கெட்டதா என்று எங்களுக்கும் வந்து சொல்வார்களா?"

எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் இத்தனை வாரம் படித்துப் புரிந்துகொண்டதை ஒரு வரியில் கேட்டுவிட்டார்.

எல்லாவற்றுக்கும் பதில் கேட்டுக்கொண்டு, இரண்டு நாள் யோசித்துச் சேர்ந்தார்கள். அவர் இப்போது சிகிச்சையில் இருக்கிறார். குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தது என்று நான் கேட்கவில்லை.

பிழைக்க வந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கிற நம் எல்லோருக்கும் திண்டுக்கல்லிலோ தேனியிலோ திருவாரூரிலோ வயசான அம்மா, அத்தை, பெரியம்மா இருக்கிறார்கள். நமக்குக் கிடைக்கும் காகிதம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அடுத்த முறை போன் பேசும்போது "சாப்பிட்டியா" என்பதற்கு அடுத்தபடியாக, அந்தச் சோதனை செய்துகொண்டார்களா என்று கேளுங்கள். கூச்சப்படுவார்கள். நீங்கள் கூச்சப்படாதீர்கள்.

பி.கு: இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளை எல்லாம் 2007-இல் தொடங்கிய தேசியப் பதிவேட்டில், இணையத்தில், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். உங்கள் வீட்டில் யாருக்காவது படிவம் கொடுத்தால் முதலில் அதில் அந்த ஆய்வின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கும்போது, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்தே ஆக வேண்டும். அந்தச் சாட்சியாக ஒரு நாள் லீவு போட்டுப் போய் நிற்பதும் நம்மால் முடிகிற உதவிதான்.